எழுத்துல கறை எதுக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பழைய அச்சு மாதிரி தேய்ஞ்சு, ஓரம் பிசிறி, உள்ள வெள்ளைப் பொட்டு விழுந்து இருக்குமே அந்த விண்டேஜ் செரிஃப் ஃபான்ட். (செரிஃப்னா ஆங்கில எழுத்துக் கோட்டோட நுனியில நீட்டிக்கிட்டு இருக்கிற சின்ன வால்.) மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், டைம்ஸ் நியூ ரோமன்லயும் செரிஃப் இருக்கு, 'விண்டேஜ் டெக்ஸ்ச்சர்ட் செரிஃப்'னு விக்கிற ஃபான்ட்லயும் செரிஃப் இருக்கு. ரெண்டாவது மேல கொஞ்சம் அழுக்கு தூவி விட்டிருக்காங்க, அவ்ளோதானா? (டிசைன் படிக்கிற மாணவர்)

அவ்ளோதான்னு நினைச்சு செஞ்ச ஃபான்ட் ஏகப்பட்டது இருக்கு தம்பி, பார்த்த உடனே தெரிஞ்சிடும். நல்லா செஞ்சதுல அழுக்கு மேல தூவினதா இருக்காது, எழுத்து அச்சாகும்போது அதுக்கு என்னென்ன நடக்குமோ அது அந்த உருவத்துக்குள்ளயே போயிருக்கும்.

ஈய எழுத்துல அச்சடிக்கிறப்போ என்ன ஆகுதுன்னு பாருங்க. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூணையும் கலந்து வார்த்த எழுத்து, அது முகத்துல மை தடவி பேப்பர் மேல அழுத்துறாங்க. அழுத்தும்போது மை நடுவுல நிக்காம ஓரத்துக்குப் பிதுங்கும், அதனால பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா விளிம்புல கருப்பா ஒரு வரம்பு கட்டியிருக்கும், உள்ள கொஞ்சம் வெளிறியிருக்கும், மொத்தத்துல எழுத்து வார்ப்புல இருக்கிறதை விட பேப்பர்ல தடிச்சுதான் விழும். ரெண்டு கோடு சேர்ற மூலையில, சின்ன 'என்'ல வளைவு தண்டோட, அதாவது நேரா நிக்கிற கோட்டோட, ஒட்டுதே அந்த மாதிரி இடத்துல, மை தேங்கி மூலையே இல்லாம வழவழன்னு ஆயிடும். பேப்பர் சொரசொரப்பா இருந்தா மேடான நார்ல மை ஒட்டும் பள்ளத்துல ஒட்டாது, அதான் அந்த வெள்ளைப் பொட்டு. அப்புறம் தேய்மானம். திரும்பத் திரும்ப அடிச்ச எழுத்துல முதல்ல அடி வாங்குறது செரிஃப் நுனிதான், மெலிசா நீட்டிக்கிட்டு இருக்கிறது அதுதானே, அது மழுங்கி உருண்டு போயிடும், சில எழுத்துல ஒரு பக்க செரிஃப் உடைஞ்சே போயிருக்கும்.

இப்போ நீங்க வாங்க நினைக்கிற ஃபான்ட்ல பெரிய 'ஆர்' ஒண்ணை மட்டும் அடிச்சு ஸ்க்ரீன் முழுக்கப் பெருசாக்குங்க. செரிஃப் நுனி உருண்டிருக்கா? கால் தண்டோட சேர்ற இடம் கொஞ்சம் அடைஞ்ச மாதிரி இருக்கா? வெள்ளைப் பொட்டு விளிம்பை விட்டுட்டு தண்டு நடுவுல அதிகமா இருக்கா? ஆமான்னா செஞ்சவருக்கு அச்சுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. அதுக்குப் பதிலா நுனியெல்லாம் பிளேடு மாதிரி கூரா அப்படியே இருக்கு, ஆனா உடம்பு பூரா ஒரே சீரா புள்ளின்னா அது சும்மா ஒரு ஃபில்டர் போட்டு வித்தது. கறைக்கு ஒரு காரணம் இருக்கணும், நான் பார்க்கிறது அதை மட்டும்தான்.

இன்னொண்ணு, இந்த மாதிரி ஃபான்ட்ல அடியில இருக்கிற உருவத்தையும் கவனிக்கணும். தண்டுல இருந்து செரிஃபுக்கு வெடுக்குனு திரும்பாம வளைஞ்சு இறங்கும், 'ஓ'வோட தடிச்ச பகுதி நேரா நிக்காம கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், தடிப்புக்கும் மெலிசுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், ஏன்னா டிடோ, பொடோனி வகை எழுத்துல மெலிசுக் கோடு தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும், அதுல டெக்ஸ்ச்சர் போட்டா கோடே அறுந்து 'ஈ'யா 'சி'யான்னு தெரியாது.

கேள்வி: விண்டேஜ் விண்டேஜ்னு எல்லாத்தையும் சொல்றாங்க, எந்தக் காலத்து எழுத்து அது? (பழைய புத்தகம் சேர்க்கிற ஒரு வாசகி)

ஒரே காலம் கிடையாதும்மா, குழப்பமே அங்கதான். 1470ல வெனிஸ்ல நிக்கோலஸ் ஜென்சன் அச்சடிச்ச ரோமன் எழுத்தும் விண்டேஜ், 1922ல வந்த கூப்பர் பிளாக்கும் விண்டேஜ்னா நடுவுல 450 வருஷம் இருக்கு!

எனக்குப் பிடிச்ச உதாரணம் ஃபெல் எழுத்துகள். 17ம் நூற்றாண்டுல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் ஃபெல்னு ஒரு பிஷப், தேடித் தேடி அச்செழுத்து வாங்கிச் சேர்த்தாரு, 1686ல அவர் இறந்தப்போ எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. அதை நம்ம காலத்துல இகினோ மரினிங்கிற இத்தாலிக்காரர் டிஜிட்டலா மாத்தியிருக்காரு, ஐஎம் ஃபெல்னு பேரு, கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமாவே இருக்கு. அவர் எதையும் நீவி நேராக்கல, மை தேங்கின இடம், கோணின விளிம்பு எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டாரு. தலைப்பு அளவுக்குப் பெருசாக்கிப் பார்த்தா எழுத்தோட ஓரம் லேசா நடுங்கிற மாதிரி இருக்கும், அது வேணும்னு செஞ்ச நடுக்கம் இல்ல.

அப்புறம் மர எழுத்து. போஸ்டருக்குப் பெரிய எழுத்து வேணும்னா ஈயத்துல வார்க்கிறது கனம், செலவு, வார்ப்பும் சீரா வராது. 1827ல டேரியஸ் வெல்ஸ் நியூயார்க்ல மெஷின் வச்சு மர எழுத்தை மொத்தமா செய்ய ஆரம்பிச்சதும்தான் அந்தப் பெரிய பெரிய தடிச்ச செரிஃப் போஸ்டர் எல்லாம் பெருகுச்சு. அதுல வர்ற கறை ஈய எழுத்துக் கறை இல்ல, கீறல், பள்ளம், சில நேரம் மரத்தோட ரேகையே நீள நீளமா தெரியும். அதனால ஜென்சன் மாதிரி நளினமான எழுத்துல மர ரேகை டெக்ஸ்ச்சர் போட்டு ஒருத்தர் விக்கிறாருன்னா ரெண்டு காலத்தை ஒண்ணாக் கலக்கிட்டாருன்னு அர்த்தம். வாங்குறவங்க பாதிப் பேருக்கு அது உறுத்தாது, உங்களை மாதிரி பழைய புத்தகம் கையாளுறவங்களுக்கு உறுத்தும்.

போலிப் பழமையும் புதுசு இல்லம்மா. கேஸ்லன் ஆன்டிக்னு ஒரு எழுத்து இருக்கு, ஓரமெல்லாம் அடிபட்டு தேய்ஞ்ச மாதிரி. பேரைப் பார்த்தா 18ம் நூற்றாண்டு வில்லியம் கேஸ்லன் வெட்டினதுன்னு தோணும், ஆனா அது 1890கள்ல அமெரிக்காவுல பெர்ன் நடால் வரைஞ்சது, முதல்ல வச்ச பேரே 'ஃபிஃப்டீன்த் செஞ்சுரி', அப்புறமா எழுத்து வார்த்து வித்த ஃபவுண்டரிக்காரங்க பேரை மாத்திட்டாங்க. கேஸ்லனோட எழுத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

வேடிக்கை என்னன்னா, அந்தக் காலத்து அச்சுக்காரங்க இந்தக் கறையை ஒழிக்கத்தான் உயிரை விட்டாங்க. ஜான் பாஸ்கர்வில் 1757ல வெர்ஜில் கவிதைகளை அச்சடிச்சப்போ வழவழப்பா புதுவகைப் பேப்பர், தானே காய்ச்சின மை, அச்சடிச்ச தாளை சூடான தகடுக்கு நடுவுல வச்சு அழுத்தறதுன்னு என்னென்னமோ செஞ்சாரு, எழுத்து பளிச்சுனு விழணும்னு. அவ்ளோ பளிச்சுனு இருந்தா கண்ணு கெட்டுப் போகும்னு அதுக்கும் குறை சொன்னவங்க உண்டு.

கேள்வி: ஒரு நாவல் அட்டைக்கு ஆங்கிலத் தலைப்பு இந்த ஃபான்ட்ல போட்டேன். ஃபான்ட் நல்லாதான் இருக்கு, ஆனா மொத்தமா பார்த்தா ஏதோ போலியா தெரியுது. என்ன காரணம்னு புரியல. (ஃப்ரீலான்ஸ் டிசைனர்)

நீங்க அனுப்பின படத்தைப் பார்த்தேன். தலைப்புல 'டபுள் ஓ' வருது பாருங்க, ரெண்டு 'ஓ'லயும் இடது பக்கம் கீழ ஒரே இடத்துல ஒரே வெள்ளைப் பொட்டு. ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரே இடத்துல ஒரே தழும்பு இருந்தா யாரு நம்புவா? நிஜ அச்சுல ஒவ்வொரு 'ஓ'வும் தனி ஈயத் துண்டு, அதோட தேய்மானம் வேற, மேல ஒட்டின மை வேற. கண்ணுக்கு இது சட்டுனு பிடிபடாது ஆனா மனசு 'ஏதோ சரியில்ல'ன்னு சொல்லிடும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

நல்ல ஃபான்ட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு மூணு மாற்று உருவம் வச்சிருப்பாங்க, ஓபன்டைப்ங்கிற ஃபான்ட் ஃபைல் வகையில 'கான்டெக்ஸ்ச்சுவல் ஆல்டர்னேட்ஸ்'னு ஒரு வசதி, அது ஆன்ல இருந்தா அடுத்தடுத்து ஒரே எழுத்து வரும்போது தானா மாத்தி மாத்திப் போடும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன்ல வழக்கமா ஆன்லயே இருக்கும், வேர்டுல நீங்கதான் ஃபான்ட் செட்டிங்ல அட்வான்ஸ்டுக்குள்ள போய் டிக் பண்ணணும். உங்க ஃபான்ட்ல மாற்று உருவமே இல்லன்னா ஒரு குறுக்கு வழி, பெரிய எழுத்துலயும் சின்ன எழுத்துலயும் வேற வேற டெக்ஸ்ச்சர் வச்சிருக்காங்களான்னு பாருங்க, முழுக்க கேப்பிடல்ல மட்டும் வர்ற ஃபான்ட்ல நிறைய பேர் சின்ன எழுத்து இடத்துல ரெண்டாவது செட்டைப் போட்டிருப்பாங்க. அதுவும் இல்லன்னா எழுத்தை அவுட்லைனா, அதாவது வெறும் வரைபடமா, மாத்திட்டு ரெண்டாவது 'ஓ'வைத் தலைகீழாத் திருப்பி வச்சிடுங்க, சாய்ஞ்ச 'ஓ'வைக்கூட 180 டிகிரி திருப்பினா சாய்வு மாறாது, பொட்டு மட்டும் இடம் மாறிடும்.

இந்தத் தொந்தரவை 1989லயே யோசிச்சவங்க உண்டு. யுஸ்ட் ஃபான் ரோஸம், எரிக் ஃபான் பிளாக்லண்ட்னு நெதர்லாந்துக்காரங்க ரெண்டு பேர் பேவுல்ஃப்னு ஒரு செரிஃப் செஞ்சாங்க, பிரிண்டருக்குப் பக்கத்தை வரையச் சொல்ற போஸ்ட்ஸ்க்ரிப்ட்ங்கிற மொழி பிரிண்டருக்குள்ள ஓடும்போது எழுத்தோட விளிம்புப் புள்ளிகளை ஒவ்வொரு தடவையும் இஷ்டத்துக்கு நகர்த்தி விடும், அதனால ஒரே பக்கத்துல ரெண்டு 'ஏ' ஒரே மாதிரி வரவே வராது. இப்ப நினைச்சாலும் குறும்பா இருக்கு.

உங்க அட்டையில இன்னொரு விஷயம், கருநீலப் பின்னணியில வெள்ளை எழுத்து. ஆனா ஃபான்ட்ல இருக்கிறது கருப்பு மை தடிச்சு விழுந்த உருவம். நிஜமா ஒரு அச்சுக்காரர் இதைச் செஞ்சிருந்தா பின்னணி கட்டைக்குத்தான் மை தடவியிருப்பாரு, மை எழுத்துக்குள்ள பிதுங்கி எழுத்து மெலிஞ்சு போயிருக்கும். அதனால இந்த மாதிரி ரிவர்ஸ்ல போடும்போது கொஞ்சம் மெலிசான வெயிட் எடுங்க, இல்லன்னா வெளிர் பின்னணிக்கே போயிடுங்க. அப்புறம் அந்த டிராப் ஷேடோ. கெஞ்சிக் கேட்டுக்கிறேன், எடுத்துடுங்க.

கேள்வி: 200 பக்கப் புத்தகம் முழுக்க இதுலயே போடலாமா?

வேண்டாம். கணக்கு போட்டே பார்த்திடலாம், வழக்கமா ஒரு ஃபான்ட்ல எழுத்தோட உயரக் கட்டம் 1000 அலகு, ஸ்க்ரீன்ல 16 பிக்சல் அளவுல வச்சா ஒரு பிக்சலுக்கு 62 அலகுக்கு மேல வருது. டெக்ஸ்ச்சர்ல ஒரு பொட்டு 10 அலகுதான் இருக்கும், அதாவது பிக்சல்ல ஆறுல ஒரு பங்கு, அது பொட்டா தெரியாது, எழுத்து மங்கலாதான் தெரியும். பேப்பர்லயும் 12 பாயின்ட்ல அந்தப் பொட்டு 0.04 மில்லிமீட்டர். அதே 72 பாயின்ட்ல கால் மில்லிமீட்டர், இப்பதான் கண்ணுக்கே படுது. தலைப்பு, அத்தியாயத்தோட முதல் எழுத்து, போஸ்டர்ல ரெண்டு வரி, லேபிள்ல பேர், இதுக்கு வச்சுக்குங்க. உள் பக்கத்துக்கு அதே குடும்பத்துல சுத்தமான வெர்ஷன் இருந்தா அது, இல்லன்னா கேஸ்லன், கேரமாண்ட் வகையில ஏதாவது ஒரு சுத்தமான செரிஃப்.

கேள்வி: கடைக் கண்ணாடியில ஒட்ட வினைல் கட்டிங் குடுத்தேன், கட்டிங் போடுறவர் ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாரு. ஃபான்ட்டை அவுட்லைன் பண்ணிதான் குடுத்தேன், வேற என்ன செய்யணும்? (புதுசா தொழில் தொடங்குறவர்)

அவர் மேல தப்பே இல்ல. ஒவ்வொரு பொட்டும் ஒரு மூடின பாதை, கத்தி அத்தனையையும் சுத்தி வெட்டணும், ஒரே எழுத்துல நூத்துக்கணக்குல இருக்கும், வெட்டினப்புறம் அத்தனை துணுக்கையும் ஊசியால நோண்டி எடுக்கணும், எடுக்கும்போது மெலிசான செரிஃப் கூடவே பிஞ்சு வந்துடும். எம்பிராய்டரிக்கும் இதே கதைதான், நூலோட தடிமனை விடச் சின்ன பொட்டை நூல் எப்படிக் காட்டும்? வெட்டு, தையல், செதுக்கல் எல்லாத்துக்கும் சுத்தமான வெர்ஷன்தான். ஃபான்ட் வாங்கும்போதே 'கிளீன்', 'ரஃப்'னு ரெண்டும் சேர்த்துக் குடுக்கிறாங்களான்னு பார்த்து வாங்குங்க, அப்பதான் கண்ணாடியில ஒண்ணு, விசிட்டிங் கார்டுல ஒண்ணுன்னு ஒரே முகமா இருக்கும். ஸ்க்ரீன் பிரிண்டிங்ல டெக்ஸ்ச்சர் நல்லாவே வரும், ஆனா மெஷ்ல, அதாவது மை இறங்குற வலையில, நிக்காத குட்டிப் பொட்டெல்லாம் அடைஞ்சிடும், முதல்ல ஒரு சாம்பிள் போட்டுப் பாருங்க.

வெப்சைட்லயும் போடப் போறீங்கன்னா இதே பொட்டுதான் அங்கயும் கனம், சுத்தமான ஃபான்ட்டை விட ஃபைல் பல மடங்கு பெருசாகும். உங்க பேர் ஒரே வரிதானே, அதை மட்டும் எஸ்விஜி படமா வச்சிடுங்க.

கேள்வி: அக்கா அண்ணன் யாரா இருந்தாலும் சரி, தமிழ்ல இப்படி ஒரு ஃபான்ட் சொல்லுங்க. ஆங்கில ஃபான்ட்ல தமிழ் அடிச்சா வேற ஏதோ எழுத்துக்கு மாறிடுது. (சிறுபத்திரிகை நடத்துறவர்)

அண்ணன்தான். மாறுறதுக்குக் காரணம், அந்த ஃபான்ட்டுக்குள்ள தமிழ் எழுத்தே இல்ல, சாஃப்ட்வேர் கையில கிடைச்ச வேற தமிழ் ஃபான்ட்டை எடுத்துப் போட்டுக்குது. தமிழ்ல ரோமன் மாதிரி செரிஃப் கிடையாது, அந்தக் குணத்தைக் கொண்டு வர்றது தடிப்பும் மெலிசும் மாறி வர்ற கோடுதான், அதனால எல்லாக் கோடும் ஒரே தடிமனா இருக்கிற ஃபான்ட்டை விட்டுட்டு நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஏற்ற இறக்கம் இருக்கிற ஒண்ணை எடுங்க, மேல டெக்ஸ்ச்சரை லேயர் மாஸ்க்கா (எழுத்துல சில இடத்தை மட்டும் மறைக்கிற வசதி) நீங்களே போடுங்க. பக்கத்துல ஆங்கிலமும் வருதுன்னா அதுக்கும் சுத்தமான செரிஃப் வச்சுட்டு ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மாஸ்க் போடுங்க, அப்பதான் ஒரே தாள்ல ஒரே மையில அடிச்ச மாதிரி வரும்.

ஆனா தமிழ்ல ஒரு ஆபத்து இருக்கு, ஆங்கிலத்துக்குச் செஞ்ச டெக்ஸ்ச்சரை அப்படியே போட்டா கண்டிப்பா மாட்டுவீங்க. புள்ளி! ஆங்கிலத்துல 'ஐ', 'ஜே' ரெண்டுக்குத்தான் மேல புள்ளி, அது போனாலும் படிச்சிடலாம். நமக்கு 'க' மேல ஒரு மைத்துளி தெறிச்சா அது 'க்', 'ல்' மேல இருக்கிற புள்ளி தேய்ஞ்சா அது 'ல'. 'கல்' 'கல'ன்னு ஆயிடும், 'படம்' 'பட்ம்'னு ஆயிடும், படிக்கிறவங்க எழுத்துப் பிழைன்னு உங்களுக்குக் கடிதம் போடுவாங்க. அதனால எழுத்துக்கு வெளியே மை தெறிச்ச மாதிரி இருக்கிற டெக்ஸ்ச்சரைத் தமிழுக்குத் தொடவே தொடாதீங்க, உள்ள அரிக்கிற வகை மட்டும் போதும், அதுலயும் பொட்டோட அளவு புள்ளியோட அளவை விட ரொம்பச் சின்னதா இருக்கணும். மாஸ்க் போட்டு முடிச்சதும் ஒவ்வொரு புள்ளியா பெருசாக்கிப் பாருங்க, அரிச்சிருந்தா அந்த இடத்துல மாஸ்க்கை பிரஷ்ஷால அழிச்சு விடுங்க. ண, ன, ஞ எழுத்தோட சுழிகளையும் பாருங்க, மை தடிச்ச மாதிரி காட்டுறேன்னு ஓரத்தைப் பெருக்கினா முதல்ல அடையறது அந்தச் சுழிதான், மூணு சுழி ரெண்டு சுழியாத் தெரிஞ்சா எழுத்தே வேற.

கேள்வி: இலவசம்னு போட்டிருந்த ஃபான்ட்டை லோகோவுக்கு வச்சுட்டேன், பிரச்சினை வருமா?

கூட வந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து பாருங்க. 'பர்சனல் யூஸ்'னு இருந்தா வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது, செஞ்சவர்கிட்ட லைசென்ஸ் வாங்கிடுங்க, வாங்கும்போது லோகோவுக்கு அனுமதி இருக்கான்னு தனியா பாருங்க, சிலர் அதைப் பிரிச்சு வச்சிருப்பாங்க, வெப், ஆப்புக்கும் அப்படித்தான். எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்னு இருந்தா கவலையே இல்ல, வியாபாரத்துக்கும் தாராளமா பயன்படுத்தலாம், ஃபான்ட் ஃபைலை மட்டும் தனியா விலைக்கு விக்கக் கூடாது.

கேள்வி: சோப்பு லேபிள் செய்யறேன். கிளையன்ட் இன்னும் பழசாக்கு, இன்னும் தேய்னு சொல்லிக்கிட்டே இருக்காரு, அவரோட பார்ட்னரோ பிரிண்டிங் மிஸ்டேக் மாதிரி இருக்குங்கிறாரு. யார் பேச்சைக் கேக்கறது? (பேக்கேஜிங் டிசைனர்)

ரெண்டு பேரும் சொல்றது ஒரே குறையைத்தான்னு எனக்குத் தோணுது. லேபிள்ல எழுத்து மட்டும் பழசு, மத்ததெல்லாம் பளபளன்னு புதுசா இருந்தா ஒருத்தருக்கு 'பத்தல'ன்னு தோணும், இன்னொருத்தருக்கு 'தப்பா விழுந்திருக்கு'ன்னு தோணும். தேய்மானத்தைக் கூட்டாதீங்க, சொல்லப்போனா கொஞ்சம் குறைங்க. அதுக்குப் பதிலா கேப்பிடல் எழுத்துக்கு நடுவுல இடைவெளி விடுங்க, சுத்தி ஒரு மெல்லிசு கட்டம், அதோட கோட்டுக்கும் அதே மாதிரி லேசான பிசிறு, பூச்சு போடாத பேப்பர், எடை, தயாரிப்பு விவரமெல்லாம் சின்னதா சுத்தமான எழுத்துல. அது சட்டப்படி படிக்கத் தெரியணும், அங்க டெக்ஸ்ச்சர் வைக்கவே கூடாது.

மை விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க. நீங்க குடுத்திருக்கிற பழுப்பு நாலு கலர்ல கலந்து வர்றது, அதாவது பிரிண்ட்ல அது குட்டிக் குட்டிப் புள்ளிகளாதான் விழும், அந்தப் புள்ளியும் ஃபான்ட்டோட பொட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கலர் லேசா நகர்ந்தாலும் பிசிறின ஓரத்துல சிவப்பு நீலம்னு நிழல் அடிக்கும். பார்ட்னர் மிஸ்டேக்னு சொன்னது அனேகமா அந்த நிழலைப் பார்த்துட்டுத்தான். அந்தப் பழுப்பை ஒரே ஸ்பாட் கலரா, அதாவது முன்கூட்டியே கலந்து வச்ச தனி மையா, மாத்தி ஒரு ப்ரூஃப் எடுத்து, பழைய ப்ரூஃப் பக்கத்துல வச்சு ரெண்டு பேருக்கும் ஒண்ணா காட்டுங்க.